நேரமா, எதிராளியா, நிகழ்ச்சியா? திறமைப் போட்டிகளின் டிஆர்பியைத் தீர்மானிப்பது எது

ஒரு பாட்டுப் போட்டியின் டிஆர்பி சரிந்தால் மூன்று விளக்கங்கள் உடனே எழுகின்றன. ஒளிபரப்பு நேரம் சரியில்லை என்பது ஒன்று. அதே நேரத்தில் எதிர்ச் சேனலில் வலுவான நிகழ்ச்சி வந்துவிட்டது என்பது இன்னொன்று. நிகழ்ச்சியே மக்களுக்குச் சலித்துவிட்டது என்பது மூன்றாவது. எந்த விளக்கத்தை ஏற்கிறார்களோ, அதற்கேற்ப நடவடிக்கையும் மாறுகிறது. முதல் இரண்டை ஏற்றால் கிழமையையோ மணியையோ மாற்றுவார்கள். மூன்றாவதை ஏற்றால் நடுவர்களை மாற்றுவார்கள், சுற்றுகளைக் கூட்டுவார்கள், போட்டியாளர்களின் குடும்பத் துயரத்தைத் திரையில் நீட்டுவார்கள். காரணத்தைத் தவறாகக் கணித்தால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் மேடையேறிய இளம் கலைஞர்கள். எனவே இந்தக் கேள்வியை விளம்பரத் துறையின் உள்விவகாரமாக மட்டும் விட்டுவிட முடியாது.

கேள்வி புதிதல்ல. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புள்ளியியலாளர்களும் பொருளியலாளர்களும் ஊடக ஆய்வாளர்களும் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். ஆனால் அவர்களின் கோட்பாடுகள் பெரும்பாலும் நாடகத் தொடர்களையும் செய்திகளையும் வைத்து உருவானவை. நேரலை, வாக்களிப்பு, வாரந்தோறும் ஒருவர் வெளியேறுதல் ஆகியவற்றைக் கொண்ட திறமைப் போட்டிக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் விசாரணை. சான்றுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருகின்றன. அங்கேதான் எண்கள் நீண்ட காலமாகப் பொதுவெளியில் கிடைக்கின்றன. சீனாவும் இந்தியாவும் வேறு வகையில் முக்கியமான ஒப்பீட்டைத் தருகின்றன.

பழக்கம் என்னும் விளக்கம்

முதல் அணி, பார்வையாளரின் பழக்கத்தை மையமாக வைக்கிறது. அமெரிக்காவின் என்பிசி நிறுவனத்தில் பார்வையாளர் ஆய்வுக்குப் பொறுப்பு வகித்த பால் க்ளைன், 1971இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மக்கள் ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்துகொண்டு தொலைக்காட்சியைப் போடுவதில்லை. முதலில் தொலைக்காட்சி பார்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். பிறகு ஓடுவதில் எது மிகக் குறைவாக எரிச்சலூட்டுகிறதோ அதில் நிற்கிறார்கள். பிரிட்டனில் குட்ஹார்ட், எரன்பெர்க், காலின்ஸ் மூவரும் 1975இல் வெளியிட்ட நூல், பார்வையாளர் நடத்தையில் சில நிலையான ஒழுங்குகளைக் காட்டியது. ஒரு வாரம் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் அடுத்த வாரமும் அதைப் பார்த்தார்கள். ஒரே சேனலில் அடுத்தடுத்து வரும் நிகழ்ச்சிகள் மட்டும் எதிர்பார்ப்பைவிட அதிகமாகத் தங்கள் பார்வையாளர்களைப் பகிர்ந்துகொண்டன.

ஜேம்ஸ் வெப்ஸ்டர் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்தார். முன்நிகழ்ச்சியின் கூட்டம் பின்நிகழ்ச்சிக்குச் சொத்தாகக் கைமாறுவது சேனல்கள் பெருகிய பின்னும் நீடித்தது என்று 2006இல் மீண்டும் காட்டினார். இந்த வரிசையில் மிகக் கவனமான ஆய்வு கான்ஸ்டன்சா எஸ்டெவெஸ்-சோரென்சன், ஃபாப்ரிட்ஸியோ பெரெட்டி இருவரும் இத்தாலியத் தரவுகளை வைத்து 2012இல் வெளியிட்டது. முன்நிகழ்ச்சிக்கான நாட்டம் 10 விழுக்காடு கூடினால், அடுத்த நிகழ்ச்சியின் பார்வையாளர் 2 முதல் 4 விழுக்காடு கூடுகிறார்கள் என்பது அவர்களின் முடிவு. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தும் சிரமத்தைக்கூட மக்கள் தவிர்க்கிறார்கள் என்பது இதன் உட்பொருள்.

திறமைப் போட்டிகளின் வரலாற்றில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு உண்டு. 2012 பிப்ரவரி 5 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் உச்ச ஆட்டமான சூப்பர் பௌல் முடிந்ததும் என்பிசி தன் ‘தி வாய்ஸ்’ போட்டியின் இரண்டாம் பருவத்தைத் தொடங்கியது. அன்று 3.76 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை வழக்கமான நேரத்தில் வந்தபோது 1.78 கோடியாகக் குறைந்தது. முன்நிகழ்ச்சி கொடுத்த கூட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கரைந்தது. ஆனாலும் மிஞ்சிய அளவே அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிகப் பெரிய வெற்றி.

எதிர்த்திசையிலும் இதைப் பார்க்கலாம். ஃபாக்ஸ் சேனலின் ‘அமெரிக்கன் ஐடல்’ பல ஆண்டுகள் மற்ற நிகழ்ச்சிகளுக்கு முன்நிகழ்ச்சியாக இருந்தது. 2004 நவம்பரில் தொடங்கிய ‘ஹவுஸ்’ என்னும் மருத்துவத் தொடர், 2005 தொடக்கத்தில் ஐடலுக்குப் பின்னால் வைக்கப்பட்டதும் பெரும் பார்வையாளர்களைப் பெற்றது. ஐடலுக்குப் பின்னால் வந்தும் நிலைக்காமல் போன தொடர்களும் உண்டு. முன்நிகழ்ச்சி அறிமுகம் செய்துவைக்கும். உறவை நிகழ்ச்சிதான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

பழக்கக் கோட்பாட்டின் பலவீனமும் இங்கேதான். இது முதல் வாரத்தை நன்றாக விளக்குகிறது, பத்தாவது வாரத்தை விளக்குவதில்லை. திறமைப் போட்டியின் பார்வையாளர் ஒருவருக்கு வாக்களித்தவராகவும், போன வாரம் அவர் தப்பினாரா என்று அறியக் காத்திருப்பவராகவும் இருக்கலாம். அவரைக் க்ளைன் சொன்ன சோம்பல் பார்வையாளராகக் கருதுவது கடினம்.

நேருக்கு நேர் மோதல்

இரண்டாம் அணி பொருளியலாளர்களுடையது. ஒரே தெருவில் இரண்டு கடைகள் எங்கே அமையும் என்று ஹரால்ட் ஹோட்டெலிங் 1929இல் கேட்ட கேள்வி இதன் வேர். இருவரும் தெருவின் நடுவை நோக்கி நகர்ந்து, பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்துவிடுவார்கள் என்பது அவர் கண்ட விடை. பீட்டர் ஸ்டைனர் 1952இல் இந்தத் திசையில் வானொலியை ஆராய்ந்தார். பெரும்பான்மையினர் விரும்பும் வகை ஒன்று இருந்தால், அதைப் பங்குபோடுவது சிறுபான்மையினருக்குத் தனியாகக் கடை விரிப்பதைவிட லாபமாக இருக்கும்வரை எல்லா நிலையங்களும் அதையே தரும் என்றார். ஒரே மாலையில் இரண்டு பாட்டுப் போட்டிகள் மோதுவதை அவர் கணக்கு அப்போதே முன்னறிவித்தது எனலாம்.

மறுபக்கம், எதிராளியிடம் இல்லாத வகையை அதே மணிக்கு வைப்பதே புத்திசாலித்தனம் என்பது அட்டவணை வகுப்போரின் நடைமுறை அறிவு. ரொனால்ட் கெட்லர், ரான் ஷாகர் இருவரும் அமெரிக்கச் சேனல்களின் போட்டியைக் கணித மாதிரியாக்கி 2001இல் ஆராய்ந்தார்கள். சேனல்கள் தேர்ந்த உத்திகள் பொதுவாகச் சரியானவையே என்று கண்டார்கள். விலகல்கள் இருந்த இடங்களில், பழைய பட்டறிவு விதிகளை விடாப்பிடியாகப் பின்பற்றியதே காரணமாகத் தெரிந்தது.

திறமைப் போட்டிகளின் மோதலுக்குச் சில தெளிவான சான்றுகள் உள்ளன. 2009 செப்டம்பரில் பிரிட்டனின் பிபிசி தன் நடனப் போட்டியான ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’கை, ஐடிவியின் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ ஓடும் அதே சனிக்கிழமை நேரத்தோடு உரசும்படி வைத்தது. பாட்டுப் போட்டி முந்தியது. இரண்டையும் பார்க்க விரும்பிய குடும்பங்களின் அதிருப்தி செய்தியானது. 2012 மார்ச் 24 அன்று பிபிசியில் ‘தி வாய்ஸ் யுகே’ தொடங்கியபோது ஐடிவியின் ‘பிரிட்டன்ஸ் காட் டாலண்ட்’ அதன் கடைசி இருபது நிமிடங்களோடு மோதியது. அந்த இருபது நிமிடங்களில் புதிய நிகழ்ச்சி முன்னிலை வகித்தது. அது முடிந்ததும் ஐடிவியின் எண்ணிக்கை ஏறியது.

அமெரிக்காவில் இதே ஆண்டு செப்டம்பரில் மோதல் இன்னும் வெளிப்படையானது. ஃபாக்ஸில் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ அமெரிக்கப் பதிப்பின் இரண்டாம் பருவம் புதன்கிழமை, செப்டம்பர் 12 அன்று தொடங்குவதாக இருந்தது. திங்கள், செவ்வாயில் வந்துகொண்டிருந்த தன் ‘தி வாய்ஸ்’ போட்டிக்கு அந்தப் புதனன்றும் ஒரு மணி நேரத்தை என்பிசி சேர்த்தது. எக்ஸ் ஃபேக்டரை உருவாக்கியவரும் அதன் நடுவருமான சைமன் கவல் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். தி வாய்ஸ் முந்தியது. முந்தைய ஆண்டு ஏறத்தாழ 1.25 கோடிப் பேரோடு தொடங்கிய எக்ஸ் ஃபேக்டர் இம்முறை ஒரு கோடியைத் தொடவில்லை.

எதிராளி திறமைப் போட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கைத் தோற்கடித்த அமெரிக்கன் ஐடல், 2010 பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக்கிடம் ஓர் இரவைப் பறிகொடுத்தது. இரண்டு முறையும் எதிராளி குளிர்கால ஒலிம்பிக்தான்; ஆனால் இடையில் ஐடலின் வலிமையும் குறைந்திருந்தது. மோதலின் விளைவு எதிராளியின் பலத்தை மட்டும் சார்ந்ததல்ல என்பதை இந்த இரண்டு ஆண்டுகளின் ஒப்பீடு உணர்த்துகிறது.

மோதல் கோட்பாட்டுக்கு எதிரான முக்கிய ஆட்சேபம், அதன் சான்றுகள் பெரும்பாலும் தொடக்க வாரங்களிலிருந்து வருகின்றன என்பது. மேலே சொன்ன சான்றுகள் பெரும்பாலும் ஓர் இரவையோ சில வாரங்களையோ மட்டும் சார்ந்தவை. ஓர் இரவின் தோல்வி ஒரு பருவத்தின் தோல்வியாக மாறியது என்று இவற்றிலிருந்து நிறுவுவது கடினம்.

கடிகாரமா, நாட்காட்டியா

மூன்றாவது நிலைப்பாடு நேரத்தை மணிக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் பார்க்கிறது. ஒரே வகைப் போட்டிகள் ஓர் ஆண்டில் எத்தனை வருகின்றன என்பதே பெரிய காரணி என்பது இதன் வாதம்; ஒத்த போட்டிகள் பெருகினால் ஆர்வம் தேங்கிவிடும் என்பதால் இதைத் தேக்கக் கோட்பாடு எனலாம். இதற்கு வலுவான சான்று அமெரிக்கன் ஐடலின் வரலாறு.

ஐடல் 2002 ஜூன் 11 அன்று, மற்ற சேனல்கள் மறுஒளிபரப்பில் இருந்த கோடையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல் ஜனவரிக்கு மாறியது. குளிர்காலத்தில் தொலைக்காட்சி முன் அமர்பவர்கள் அதிகம். 2003 மே மாத இறுதிச் சுற்றை 3.81 கோடிப் பேர் பார்த்தார்கள். 2003-04 முதல் 2010-11 வரை எட்டுத் தொடர்ச்சியான பருவங்களில் அது அமெரிக்காவின் முதலிட நிகழ்ச்சி. 2011இல் செவ்வாய், புதனிலிருந்து புதன், வியாழனுக்கு நகர்ந்தது. நேர மாற்றம் பேராபத்து என்ற நம்பிக்கை உண்மையாக இருந்தால் அப்போதே சரிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு: 2010 இறுதிச் சுற்றை 2.42 கோடிப் பேர் பார்த்த இடத்தில் 2011இல் 2.93 கோடிப் பேர் பார்த்தார்கள். அதுவும் கவல் நடுவர் நாற்காலியை விட்டுப் போன முதல் ஆண்டில்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறுதிச் சுற்று 2.15 கோடியாகவும் பிறகு 1.43 கோடியாகவும் வீழ்ந்தது. இந்த இடைவெளியில் மாறியது என்ன? 2011 ஏப்ரலில் தி வாய்ஸ் வந்தது. 2011 செப்டம்பரில் எக்ஸ் ஃபேக்டர் வந்தது. 2012 இலையுதிர் காலம் முதல் தி வாய்ஸ் ஆண்டுக்கு இரண்டு பருவங்கள் ஓடத் தொடங்கியது. கோடையில் ‘அமெரிக்காஸ் காட் டாலண்ட்’ 2006 முதலே இருந்தது. ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதோவொரு மேடையில் ஏதோவொரு நடுவர் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே முக்கியமானது, தி வாய்ஸும் ஐடலும் அந்த ஆண்டுகளில் ஒரே மணியில் மோதவில்லை என்பது. ஒன்று திங்கள், செவ்வாய்; மற்றொன்று புதன், வியாழன். அட்டவணைப்படி அவை எதிரிகளே அல்ல. ஆனாலும் ஒன்று வளர்ந்தபோது மற்றொன்று சுருங்கியது. ஒரு வாரத்தில் ஒரு குடும்பம் பாட்டுப் போட்டிக்கு ஒதுக்கும் மணிநேரத்துக்கும், யாரோ ஒரு புதியவர் மீது கொள்ளும் அக்கறைக்கும் எல்லை இருக்கலாம் என்பதே இதிலிருந்து எழும் கருதுகோள். எக்ஸ் ஃபேக்டர் 2013 டிசம்பரோடு முடிந்தது. ஐடல் 2016 ஏப்ரலில் ஃபாக்ஸிடமிருந்து விடைபெற்றது. 2018இல் ஏபிசியில் மீண்டும் வந்தபோது திங்கட்கிழமைகளில் தி வாய்ஸோடு நேரடியாகவே மோதியது. இரண்டும் பிழைத்தன, இரண்டுமே முன்பிருந்த உயரத்துக்குத் திரும்பவில்லை. 2021-22இல் தி வாய்ஸை ஒரே பருவமாகக் குறைக்க என்பிசி எடுத்த முடிவு, தொழில் நடத்துவோரும் ஓரளவு இதே முடிவுக்கு வந்ததைக் காட்டுகிறது.

ஆனால் எதிர்ச்சான்றும் உண்டு. அது பிரிட்டனிலிருந்து வருகிறது. எக்ஸ் ஃபேக்டரும் ஸ்ட்ரிக்ட்லியும் 2004 முதல் ஒரே இலையுதிர் காலத்தில், ஒரே வார இறுதியில் ஓடின. தேக்கக் கோட்பாட்டின்படி ஒன்று மற்றொன்றைத் தின்றிருக்க வேண்டும். 2010இல் இரண்டுமே ஏறின. அந்த ஆண்டு எக்ஸ் ஃபேக்டர் இறுதிச் சுற்றின் சராசரிப் பார்வையாளர் 1.7 கோடியைத் தாண்டினர். அதுவே அதன் உச்சம். இரண்டு பெரிய நிகழ்ச்சிகள் சேர்ந்து சனிக்கிழமை மாலையையே குடும்ப நிகழ்வாக மாற்றின என்று இதை வாசிக்கலாம். ஒன்று பாட்டு, மற்றொன்று நடனம் என்பதால் அவை ஒரே பசிக்கு இரு உணவல்ல என்றும் வாதிடலாம். இரண்டு வாசிப்புகளில் எது சரி என்பதைக் கிடைக்கும் எண்கள் பிரித்துக் காட்டுவதில்லை.

நிகழ்ச்சியின் உள்ளுயிர்

நான்காவது அணி, அட்டவணையைப் பற்றிய பேச்சையே சந்தேகிக்கிறது. நல்ல வடிவமும் நல்ல போட்டியாளர்களும் இருந்தால் எந்த நேரத்திலும் மக்கள் வருவார்கள் என்பது அவர்களின் நிலை. பிரிட்டனில் ஸ்ட்ரிக்ட்லி இதற்கு முதல் சான்று. 2018இல் எக்ஸ் ஃபேக்டர் இறுதிச் சுற்றின் பார்வையாளர் 2010இல் இருந்ததில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்தனர்; 2021இல் புதிய பருவத்துக்குத் திட்டமில்லை என்று ஐடிவி அறிவித்தது. அதே 2018இல் ஸ்ட்ரிக்ட்லி இறுதிச் சுற்று ஒரு கோடிக்கு மேற்பட்ட பார்வையாளர்களோடு நின்றது. இரண்டுக்கும் கிடைத்த கிழமையும் பருவமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே வேறுபாட்டை அட்டவணையால் விளக்க முடியாது.

தி வாய்ஸின் வெற்றியையும் இவர்கள் இப்படியே படிக்கிறார்கள். நடுவர்கள் முதுகைக் காட்டி அமர்ந்து, குரல் பிடித்தால் மட்டும் திரும்பும் அந்தச் சுற்று, ஏளனத்துக்குப் பதிலாக எதிர்பார்ப்பைத் தந்தது. ஐடல், எக்ஸ் ஃபேக்டரின் தேர்வுச் சுற்றுகளில் தடுமாறுவோரைப் பார்த்துச் சிரிக்கும் பகுதி ஒரு காலத்தில் ஈர்ப்பாக இருந்தது. பின்னாளில் அதுவே சங்கடமானது. இந்த மாற்றத்தை நேர ஒதுக்கீட்டின் மொழியில் சொல்ல முடியாது.

இந்தக் கோட்பாட்டின் பலவீனம், அது முடிவைக் கண்ட பிறகே காரணத்தைச் சொல்கிறது என்பது. வென்ற நிகழ்ச்சி நல்ல வடிவம் கொண்டது என்பதும், நல்ல வடிவம் கொண்டதால் வென்றது என்பதும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. இன்னொரு காரணியையும் இது பெரும்பாலும் தவிர்க்கிறது: பார்வையாளரின் வயது. ஐடல் தொடங்கியபோது அதன் பார்வையாளர்களின் இடைநிலை வயது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தது. பத்தாண்டுக்குப் பின் அது 50ஐ ஒட்டி நின்றது. நிகழ்ச்சி தன் முதல் தலைமுறையோடு சேர்ந்தே முதுமையடைந்தது. அடுத்த தலைமுறை வேறு திரைகளுக்குப் போய்விட்டது.

அரசு அட்டவணையைக் கையிலெடுத்தபோது

சேனல்கள் தாங்களாக நேரத்தைத் தேர்வதால் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். வெளியிலிருந்து யாராவது நேரத்தை மாற்றினால் தெளிவு கிடைக்கலாம். சீனாவில் அது நடந்தது. ஹுனான் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டியான ‘சூப்பர் கேர்ள்’ 2005இல் நாடு முழுவதையும் பேசவைத்தது. 2007இல் அரசின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு, மாலை 7.30 முதல் இரவு 10.30 வரை செயற்கைக்கோள் சேனல்களில் இவ்வகைப் போட்டிகளைத் தடுத்தது. கைப்பேசி, இணைய வாக்களிப்பையும் நிறுத்தியது. 2011இல், ஒதுக்கிய நேரத்தைத் தாண்டியதாகக் காரணம் காட்டப்பட்டு அந்தப் போட்டி அடுத்த ஆண்டுக்கு நிறுத்தப்பட்டது. 2012 தொடக்கத்திலிருந்து முக்கிய நேரத்தில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது.

அந்த வரம்புக்குள்தான் 2012 ஜூலை 13 அன்று ஜெஜியாங் செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் ‘தி வாய்ஸ் ஆஃப் சைனா’ தொடங்கியது. பொதுமக்கள் கைப்பேசி வாக்கு இல்லாமலேயே அது அந்த ஆண்டின் மிகப் பெரிய தொலைக்காட்சி வெற்றியானது. இரண்டு முடிவுகளை இதிலிருந்து எடுக்கலாம். இரண்டும் ஓரளவு எதிரெதிரானவை. ஒன்று, பொதுமக்கள் வாக்கு இல்லாமலும் திறமைப் போட்டி வெல்லும், ஆகவே வடிவமே முக்கியம். மற்றொன்று, போட்டிகளின் எண்ணிக்கையை அரசு கட்டுப்படுத்தியதால் அனுமதி பெற்ற ஒன்று எதிராளியில்லாத களத்தில் ஓடியது, ஆகவே பற்றாக்குறையே முக்கியம். 2013இல் பாட்டுப் போட்டிகள் குவியத் தொடங்கியதும் ஒழுங்குமுறை அமைப்பு மீண்டும் வரம்பு விதித்தது இரண்டாவது வாசிப்புக்கு ஓரளவு வலுச் சேர்க்கிறது.

பிரிட்டனிலும் இந்தக் கேள்வி அரசியலுக்கு வந்தது. பிபிசியின் சாசனம் 2016இல் புதுப்பிக்கப்பட்டபோது, உரிமக் கட்டணத்தில் இயங்கும் நிறுவனம் விளம்பரத்தில் வாழும் சேனலின் பெரிய நிகழ்ச்சிக்கு எதிரே தன் நிகழ்ச்சியை வைப்பது நியாயமா என்ற விவாதம் எழுந்தது. நேரடித் தடை எதுவும் வரவில்லை. ஆனால் அட்டவணை பொதுநலன் சார்ந்த விஷயமாகவும் பேசப்பட்டது.

நேரலையும் வாக்கும்

திறமைப் போட்டியைத் தொடர்களிலிருந்து பிரிப்பது அதன் காலாவதி. முடிவு தெரிந்துவிட்டால் பாதி ஈர்ப்பு போய்விடுகிறது. ஆகவே பதிவுசெய்து பிறகு பார்க்கும் வசதி பெருகிய காலத்தில் இவ்வகை நிகழ்ச்சிகள் விளையாட்டைப்போல உடனடிப் பார்வையாளர்களைத் தக்கவைக்கும் என்று கருதப்பட்டது. பார்வையாளர் அளவீட்டு நிறுவனமான நீல்சன் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதரவு தந்தது. ட்விட்டர் பதிவுகள் பெருகியது நேரடிப் பார்வையாளரைக் கூட்டியது என்று சொல்லத்தக்க அத்தியாயங்கள் மொத்தத்தில் 29 விழுக்காடு. போட்டி வகை ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் 44 விழுக்காடு.

ஆனால் நேரலை தன்னோடு ஒரு சுமையையும் கொண்டுவருகிறது. இஸ்ரேலில் வெற்றிபெற்ற ‘ரைசிங் ஸ்டார்’ வடிவத்தில், பாடிக்கொண்டிருக்கும்போதே மக்கள் செயலி வழியாக வாக்களிப்பார்கள். 2014 ஜூனில் ஏபிசி அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. சிறிய நாட்டில் எல்லோருக்கும் ஒரே மணி. அமெரிக்காவிலோ கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி வேறுபாடு. ஒரு கரைக்கு நேரலையாக இருந்தது மறு கரைக்குப் பழைய செய்தி. ஒரே பருவத்தில் நிகழ்ச்சி முடிந்தது. நேர மண்டலம்தான் காரணம் என்று அறுதியிட முடியாது. எனினும் வடிவமும் அட்டவணையும் ஒன்றையொன்று சாராதவை அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தியாவும் தமிழும்

இந்தியாவில் ஜீ தொலைக்காட்சியின் ‘ச ரி க ம’ 1995இல் தொடங்கியது. சோனியின் ‘இந்தியன் ஐடல்’ 2004 அக்டோபரில் வந்தது. தமிழில் விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ 2006 முதல் ஓடுகிறது. ஜீ தமிழ் 2017இல் ‘ச ரி க ம ப’ வரிசையைக் கொண்டுவந்த பின், இரண்டு பெரிய பாட்டுப் போட்டிகள் வார இறுதியைப் பங்குபோடும் நிலை உருவானது.

மேற்கத்திய ஆய்வுகளை இங்கே அப்படியே பொருத்த முடியாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, தமிழ்த் தொலைக்காட்சியில் பார்வையாளர் எண்ணிக்கையின் முதுகெலும்பு வாரநாள் தொடர்கள். வாராந்திரப் பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் அவையே நிற்கின்றன. சூப்பர் சிங்கர் தொடக்கக் காலத்தில் வாரநாள் இரவுகளில் வந்து, பின்னர் வார இறுதிக்கு நகர்ந்தது. அது எதிர்ச் சேனலின் பாட்டுப் போட்டியிடமிருந்து தப்பிச் சென்ற நகர்வாகத் தெரியவில்லை. தொடர்களுக்கு வாரநாளை விட்டுக்கொடுத்த நகர்வாகவே படுகிறது. இரண்டாவது, வார இறுதியில் பாட்டுப் போட்டிக்கு எதிரே நிற்பது இன்னொரு பாட்டுப் போட்டி மட்டுமல்ல. ஞாயிறு மாலைத் திரைப்படம், பண்டிகை நாட்களின் புதுப்பட ஒளிபரப்பு, கோடையில் ஐபிஎல் ஆட்டங்கள் என்று எதிராளிகள் பலர். 2017 முதல் விஜய் தொலைக்காட்சியின் ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியின் வார இறுதி அத்தியாயங்களும் முக்கிய நேரத்தைக் கேட்கின்றன. அப்போது போட்டி ஒரே சேனலுக்குள்ளேயே நடக்கிறது.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. தமிழ்ப் பாட்டுப் போட்டியின் ஒவ்வொரு பாடலும் தனித்தனித் துண்டாக யூடியூபில் வாழ்கிறது. ஒரு சிறுமி பாடிய பாட்டை ஞாயிறு இரவு பார்க்காதவர் திங்கள் காலை பேருந்தில் பார்த்துவிடுவார். அந்தப் பார்வை அந்தப் பாடகியின் எதிர்காலத்தைத் திறந்துவிடலாம்; டிஆர்பி கணக்கில் அது சேராது.

அளவுகோலின் குறைகள்

எல்லா அணிகளும் ஒரே அளவுகோலை நம்புகின்றன. அதன் குறைகளும் எல்லோருக்கும் பொது. ஓர் இரண்டு மணி நேர நிகழ்ச்சியின் சராசரி எண், மோதல் நிகழ்ந்த இருபது நிமிடங்களை மறைத்துவிடும். இந்தியாவில் பார்வையாளரை அளக்கும் பார்க் அமைப்பின் அளவீடு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பொருத்திய கருவிகளைச் சார்ந்தது. மொத்த நாட்டுக்கும் அது போதுமான மாதிரியாக இருக்கலாம். ஆனால் ஒரே மொழியில், ஒரே வார இறுதியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையிலான சிறு வேறுபாட்டை அதிலிருந்து படிக்கும்போது எச்சரிக்கை தேவை. 2020இல் எழுந்த டிஆர்பி முறைகேட்டுப் புகார்களுக்குப் பின் செய்திச் சேனல்களின் வாராந்திர எண்கள் நீண்ட காலம் நிறுத்தப்பட்டதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அட்டவணை குலுக்கல் முறையில் அமைவதில்லை. வலுவான நிகழ்ச்சிக்கு நல்ல நேரம் தரப்படுகிறது. தளரும் நிகழ்ச்சி மோசமான நேரத்துக்குத் தள்ளப்படுகிறது. பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, நேரம்தான் வெற்றியைத் தந்தது என்று சொன்னால் கேள்வியையே விடையாக எடுத்துக்கொண்டதாகும். இத்தாலிய ஆய்வு போன்ற சிலவே இந்தக் கண்ணியைத் திறம்படத் தவிர்த்தன. அவையும் திறமைப் போட்டிகளைத் தனியாக ஆராயவில்லை.

மதிப்பீடு

கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகளை மிதமான உறுதியோடு சொல்லலாம். முன்நிகழ்ச்சியும் ஒளிபரப்பு நேரமும் ஒரு போட்டி எவ்வளவு பேரோடு தொடங்குகிறது என்பதைப் பெரிதும் பாதிக்கின்றன. அது எவ்வளவு காலம் நிலைக்கிறது என்பதை அவ்வளவாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை. நேருக்கு நேர் மோதல், மோதும் நிமிடங்களில் பார்வையாளரைப் பிரிக்கிறது; நீண்டகாலச் சரிவுக்கு அதைத் தனிக் காரணமாகக் காட்டும் சான்று பலவீனமானது. ஓர் ஆண்டில் ஒத்த போட்டிகள் எத்தனை என்பது இவை இரண்டையும்விடப் பெரிய காரணியாக இருக்கக்கூடும். அமெரிக்க அனுபவம் அதை வலுவாகச் சுட்டுகிறது, சீன அனுபவம் ஓரளவு ஆதரிக்கிறது, பிரிட்டனின் அனுபவம் தடைபோடுகிறது.

திறந்து நிற்கும் கேள்விகள் மூன்று. பாட்டும் நடனமும் ஒன்றையொன்று தின்னும் போட்டியாளர்களா, ஒன்றுக்கொன்று கூட்டம் சேர்க்கும் துணையா? தேக்கம் என்பது போட்டிகளின் எண்ணிக்கையால் வருகிறதா, அல்லது ஒரு தலைமுறையின் வயதேற்றத்தை நாம் தேக்கம் என்று தவறாக வாசிக்கிறோமா? துண்டுக் காணொளிகளாகப் பரவும் பார்வை, ஒளிபரப்பின் பார்வையாளரைக் குறைக்கிறதா, புதியவர்களைக் கூட்டிவருகிறதா? மூன்றாவது கேள்விக்குத் தமிழ்ச் சூழல் வளமான ஆய்வுக்களம். தொலைக்காட்சி எண்களையும் இணைய எண்களையும் ஒரே நிகழ்ச்சிக்கு வாரம் வாரமாக இணைத்துப் பார்க்கும் திறந்த ஆய்வு அதற்குத் தேவை. சேனல்கள் தரவைப் பகிர்ந்தால்தான் அது நடக்கும்.

அதுவரை ஒரு நடைமுறைப் பாடத்தை மட்டும் ஏற்பது நியாயம். எண்கள் சரியும்போது நிகழ்ச்சியின் உணர்ச்சிச் சூட்டைக் கூட்டுவதற்கு முன், அந்த ஆண்டின் நாட்காட்டியை முதலில் பார்க்க வேண்டும். பத்து மாதம் இடைவிடாமல் ஓடும் மேடைகளில் பாடகர்கள் சரியாகப் பாடாததால்தான் கூட்டம் குறைந்தது என்று தீர்ப்பளிப்பது, இன்றுள்ள சான்றுகளின்படி அவர்களுக்கு இழைக்கும் அநீதி.